சுருட்டை காணாமல் போன ஞாயிறு

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் முக்கால் பங்கு நலம். மீதிக் கால் பங்குக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ முழுசாக நலம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், போன செவ்வாய்க்கிழமை வரைக்கும். அன்றைக்கு உன் அத்தை வந்து என்னை உட்கார வைத்துக் கேட்ட கேள்வியில், உன்னைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது தெரிந்தது. பயப்படாதே, எனக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை. கை நடுங்கவில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாயில் இருபத்தேழு பல் என் சொந்தப் பல், பல் செட் கட்டிப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். ஆனால் நீ இந்த மாதக் கடைசியில் இன்னும் தூரத்து ஊருக்கு மூன்று வருஷத்துக்குப் போவதாகக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். நான் சொன்ன ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் போடுகிறாயாம். அந்தப் பதில் உன் கேள்விக்குச் சொன்ன பதிலே இல்லை. போனில் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் வேலையாக இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்று ஒரு வரி வருகிறது. நான் சொல்ல வேண்டியது ஒரு வரியில் அடங்காது. கூரியர்காரர் நாலு நாளில் சேர்த்துவிடுவேன் என்கிறார், கையெழுத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதனால் தயவு செய்து கடைசித் தாளுக்குத் தாவாமல் வரிசையாகப் படி. கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வரவில்லை.

எல்லாம் நம் ஆட்களிடமிருந்துதான் ஆரம்பித்தது. நம் ஆட்கள் என்றால் நமக்குத் தெரியும், வேறு யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால் நம் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நாலு பேரும் பாதி உலகத்துக்குத் தெரிந்த ராக் இசைக் குழு, உன் அப்பாவுக்கு மட்டும் அவர்கள் சுருட்டை, ஒல்லி, மீசை, தூங்குமூஞ்சி. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்றைக்கு முதலிலிருந்து சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கப்பல் சமையல்காரர் மேல் வரிசைக்கு செட் கட்ட வந்தார், வாயைத் திறந்தால் குகை. அளவெடுத்த அன்றைக்கு ஒரு துணிப்பையை நாற்காலியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்த சந்தோஷத்தில் இரண்டாவது தடவையும் பையை மறந்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். பைக்குள் ஒரே ஒரு ரெக்கார்டு. வெட்டவெளியில் நாலு விதமான நாற்காலியைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கிற அட்டை. ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு, கெட்டுப்போய்விடக் கூடாதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அத்தோடு சரி, நான் ஆள் காலி. இரண்டு வருஷம் கழித்து செட்டில் விரிசல் என்று சமையல்காரர் வந்து நின்றபோது, தேய்ந்துபோன ரெக்கார்டை நீட்ட எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு இது மனப்பாடம்"னு சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் எனக்கு இங்கிலீஷ் பாட்டு ஒரு வரி புரியாது. புரியாததற்கு நாமாக வைத்த பெயர்தானே எல்லாம். ஒல்லியின் கிட்டார் ஒவ்வொரு சுரமாக மேலே ஏறி எட்டாவதில் சுருட்டை வாயைத் திறப்பானே, அது மாடிப்படிப் பாட்டு. தூங்குமூஞ்சி தனியாகத் தெருவில் நடந்து போகிற மாதிரி பேஸ் கிட்டாரில் நடப்பது நடைப் பாட்டு, அது உன்னுடையது. சுருட்டை கடைசியில் ஒரு கத்து கத்துவானே, அதற்குப் பெயர் வைத்தது உன் அம்மா. கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக அவளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "யாரோ மருந்து போடாம பல்லைப் பிடுங்கிட்டாங்க பாவம், நீங்க போய்ப் பார்க்கக் கூடாதா"ன்னு கேட்டாள். அன்றிலிருந்து அது பல்வலிப் பாட்டு. நம் ஆட்களைப் பிடிக்காது பிடிக்காது என்று இருபத்தாறு வருஷம் சாதித்தாளே, துணி இஸ்திரி போடும்போது அவள் வாய் எதை முணுமுணுக்கும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கேட்டால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். இஸ்திரிப் பெட்டியின் சத்தம் என்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது, மாடிப்படிப் பாட்டில் சுருட்டை பாட ஆரம்பிக்கிற இடத்தில் இன்னும் எனக்குச் சூடான துணி வாசனை வருகிறது.

உனக்கு ஒன்பது வயது இருக்கும், ஒருநாள் பட்டறைக்குள் வந்து, "பாடுறது ஒருத்தர், கிட்டார் ஒருத்தர், கொட்டு ஒருத்தர், அடியில டும்டும்னு ஒண்ணு போகுதே அது யாரு, அவரைப் பத்தி ஏன் யாருமே பேசறதில்ல"ன்னு கேட்டாய். நான் மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. பத்து வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு அந்த டும்டும் தனியாகக் காதில் விழுந்ததே இல்லை. நீ சொன்ன பிறகுதான் தூங்குமூஞ்சி என்று ஒரு ஆள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. நாம் இரண்டு பேரும் அவர்களுடைய கச்சேரிப் படம் பார்க்கப் போனோமே, அந்த அரங்கத்தில் பாதியில் சத்தம் மட்டும் நின்றுவிட்டது, திரையில் சுருட்டை வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், மீன் மாதிரி. விசிலடித்து ரகளை பண்ணுவார்கள் என்று நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். யாரோ பின்வரிசையில் பாட ஆரம்பித்தார்கள், அப்படியே அரங்கம் முழுக்கப் பாடியது. நீ மட்டும் பாடவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு தொண்டை கிழிய டும்டும் போட்டாய். முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா திரும்பிப் பார்த்துக் கும்பிடு போட்டார். என் வாழ்க்கையில் நான் பெருமையில் குள்ளமாகிப் போன ஒரே நாள் அதுதான், அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து வழக்கம் போல முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு நாற்காலி ரெக்கார்டைப் போட்டேன். முதல் பாட்டில் யாரும் பாடுவதில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது மாடிப்படி. பழைய காலத்து ஒலிப்பதிவு அல்லவா, ஒல்லியை முழுக்க இடது காதிலும் சுருட்டையை முழுக்க வலது காதிலும் வைத்திருப்பார்கள், நடுவில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். கிட்டார் ஏறுகிறது, ஏழு, எட்டு, சுருட்டையைக் காணோம். கிட்டார் மட்டும் தன்னந்தனியாக ஏறிக்கொண்டே போகிறது. நன்றாக உற்றுக் கேட்டால் பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு முனகுகிற மாதிரி ஏதோ ஒன்று. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ரெக்கார்டைத் துடைத்தேன், ஊசியை மாற்றினேன், அடுத்த ஞாயிறு பிளேயரைத் தலைகீழாகக் கவிழ்த்து வயிற்றைத் திறந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்து ஈயப் பற்று வைத்தேன். பல் வேலைக்கு வைத்திருக்கிற கண்ணாடி, ஊசி, இடுக்கி எல்லாம் அதன் மேல் பரப்பிக்கொண்டு மூன்று வாரம். இரண்டு பேருடைய செட் தாமதமாகிவிட்டது, அதில் ஒருவர் கஞ்சியாகக் குடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு புதன்கிழமைதான் நீ கூப்பிட்டாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில் தோற்றுப்போய் பிளேயரையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன், அதே கம்பிதான், உன் பேஸ் கிட்டாருக்கு முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்து கொடுத்தானே, ஒல்லிக்கும் ஒல்லியானவன். காதில் மாட்டிக் கேட்டான், தலையை ஆட்டினான், "நல்லாத்தானே பாடுறான்"ன்னான். பாடவில்லை என்றேன். "பாடுறாண்ணே"ன்னான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது, கடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், உனக்கென்ன காது செவிடா என்று கத்திவிட்டேன். அவன் எழுந்து வந்து ஹெட்போனை என் தலையில் மாட்டினான். கிட்டார் மட்டும் கேட்டது. பார்த்தாயா என்றேன். அப்படியே கழற்றி, இடது பக்கத்தை வலதாகத் திருப்பி மறுபடி மாட்டிவிட்டான். சுருட்டை பாடினான். தெளிவாக, மூச்சு வாங்குவது வரைக்கும், எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி. ஆனால் இப்போது கிட்டாரைக் காணோம். நான் கம்பியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்காமல் மேசை மேல் கிடந்த திருகாணியை எல்லாம் பொறுக்கிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். பொறுக்கி முடித்துவிட்டு, "அண்ணே, மெஷின்ல ஒண்ணும் இல்ல"ன்னு மட்டும் சொன்னான். அவனிடம் நான் அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த நாள் போய்த்தான் கேட்டேன்.

காது டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றாள். நானும் நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் வரவில்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று பார்த்தால் அவள் வெளியிலிருந்து முடிந்தது என்று கை காட்டுகிறாள். வலது காது பெரும்பாலும் போய்விட்டது, இடது கொஞ்சம்தான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். பல் செட்டை அரைத்துப் பாலிஷ் போடுகிற மோட்டார் முப்பத்தெட்டு வருஷமாக என் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் ஓடுகிறது என்றேன். அவளுக்கு அதற்கு மேல் கேள்வி வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்றாள். என் வாடிக்கையாளர்கள் எல்லாம் என் எதிரில் வாயைத் திறந்துகொண்டு இருப்பவர்கள், பேசுகிறவர்கள் இல்லை, எப்படித் தெரியும் என்றேன், சிரித்துவிட்டாள். பிறகு ஒன்று விளக்கினாள், அது மனதிலேயே நின்றுவிட்டது. இந்த மாதிரிக் காது போகும்போது எல்லாம் ஒரேயடியாகப் போகாதாம். ஆ, ஈ, ஓ எல்லாம் கடைசி வரைக்கும் கேட்குமாம். க, ச, த, ப, இதெல்லாம்தான் முதலில் போகுமாம். உயிர் கேட்கும், மெய் கேட்காது. நாமாக நடுவில் ஒரு மெய்யெழுத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வோம், சரியாகக் கேட்டுவிட்டோம் என்றே நினைப்போம் என்றாள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு சின்ன மெஷினுக்கு அளவு எடுத்தாள். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்தவன் அன்றைக்குக் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அது என் தப்பு. உன் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. முடியை வலது பக்கம் வளர விட்டு மெஷினை மறைத்துக்கொண்டு திரிந்தேன், இந்த வயதில் ஸ்டைல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பக்கத்துத் தெரு வரைக்கும் பேச்சு. போன செவ்வாய்க்கிழமை அத்தை முட்டிவலியோடு மாடியேறி வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உனக்கு மூளை இருக்காண்ணா? பெத்த பொண்ணு, வேலையை விட்டுட்டு வந்துடட்டுமான்னு கேட்டா, வேண்டாம் அங்கேயே நல்லதுன்னு சொல்லுவியா? அப்பாவே வேண்டாம்னுட்டாரு, இனி எந்த ஊரா இருந்தா என்னன்னு சொல்றா. ரெண்டு மாசமா ஒழுங்காச் சாப்பிடலை தூங்கலைன்னு சொல்றா. அழுதுட்டா தெரியுமா"ன்னு பொரிந்து தள்ளினாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். சொன்னாய் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை.

அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் புதன்கிழமை பிளேயரைப் பிரித்துப் போட்டு இரண்டு கையிலும் ஒயரைப் பிடித்துக்கொண்டு, போனை எப்போதும் போல வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் நீ, உன் அலுவலகத்தில் ஒரு பெண் உன் பேஸ் கிட்டாரைக் கேட்கிறாள், நீ அதைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லியிருந்தாய். எனக்கு அதே நினைப்பு. நீ என்னவோ மெதுவாகப் பேசினாய், பிறகு கேட்டாய். நீ கேட்டது, "அப்பா, நான் வந்துடட்டுமா?" என் காதில் விழுந்தது, "அப்பா, நான் தந்துடட்டுமா?" ஒரு எழுத்துதான். வ போன இடத்தில் நானாக ஒரு த போட்டுக்கொண்டேன். கிட்டாரைத் தந்துவிடட்டுமா என்று கேட்கிறாய் என்று நினைத்து, பதறிப்போய், "வேண்டாம்மா, எதுக்கு? அங்க உன்கிட்ட இருக்கிறதுதான் நல்லது. எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினது, விட்டுட்டா திரும்பக் கிடைக்குமா"ன்னு சொன்னேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நல்ல அப்பாவாகப் பேசிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. மகளின் சங்கீதத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பற்று வைத்துக்கொண்டே சிரித்தேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பா மட்டும் சரியாகக் கேட்டது.

அந்தப் பதிலை நீ எப்படி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன் தெரியுமா. வேலையையும் வாங்கினது என்றுதானே சொல்வோம். கஷ்டப்பட்டு வாங்கிய வேலை, விட்டால் கிடைக்குமா, அங்கேயே இரு. யார் கேட்டாலும் அப்படித்தான் புரியும். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்ட பெண்ணிடம் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து வாரமாக நான் சுருட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. உன் அம்மா போனபோது வந்ததற்குப் பிறகு இப்போதுதான்.

இனி நல்ல சேதி. மெஷின் மாட்டி மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் தட்டுக் கழுவுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது, என் செருப்புச் சத்தத்துக்கு நானே யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுருட்டை திரும்பி வந்துவிட்டான், தகர டப்பாவுக்குள் நின்று பாடுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஆள் வந்துவிட்டான். மூளை பழகிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், விடாமல் கேளுங்கள், உங்களுக்கு இதுதான் மருந்து என்று டாக்டர் பெண் சொல்லியிருக்கிறாள், பாட்டுக் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்த டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். நம் ஆட்களைப் பற்றிக் கேட்டாள், பெயர் சொன்னேன், அவள் அப்பாவும் கேட்பாராம். ஒரு விஷயம் சொல்கிறேன், தலையில் ஏற்றிக்கொள்ளாதே. கீபோர்டுப் பெட்டி வாசிக்கிறவனைச் சேர்த்துக்கொண்டு நாசமாய்ப் போனார்கள் என்று நான் சொல்வேனே, அட்டையில் குடை போட்ட அந்தக் குடை ரெக்கார்டு, அது நல்லது என்று நீ சொன்னதற்காக நீயும் நானும் பதினைந்து நாள் பேசாமல் இருந்தோமே, அதைப் போன வாரம் மறுபடி போட்டுக் கேட்டேன். அவ்வளவு மோசமில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதாக அத்தையிடம் சொல்லிவிடாதே.

உன் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய வாய் அச்சை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு அங்கே அடுக்கி வைத்திருந்தேன் அல்லவா, அதையெல்லாம் பட்டறைப் பரணுக்கு ஏற்றிவிட்டேன், கம்பி வந்து தூக்கிக் கொடுத்தான். ஜன்னல் பக்கம் வெளிச்சம் அப்படியே விழுகிறது. நீ பாலத்துக்கெல்லாம் படம் போடுகிறவள், பெரிய மேசை வேண்டியிருக்கும், அதை இடம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா படுத்துக்கிட. ஏன் வருகிறாய், அங்கே என்ன ஆயிற்று, அடுத்து என்ன செய்யப் போகிறாய், இதையெல்லாம் நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், இப்போது கேட்கவும் செய்யும். தோற்றுப்போய்த் திரும்பி வருகிறாள் என்று யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறாயா? சொல்லட்டும், அவர்கள் பல் செட்டுக்கு என்னிடம்தானே வர வேண்டும், பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். காது போன கிழவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் உன்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், முட்டிவலிக்கார அத்தை ஒருத்தி வாரத்துக்கு இரண்டு தடவை வந்து திட்டிவிட்டுப் போகிறாள், எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தூரத்து ஊர் வேலை உனக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் தாராளமாகப் போ, நான் ரயிலடி வரைக்கும் வந்து கையாட்டிவிட்டு வருகிறேன். ஆனால் வீட்டில் இடமில்லை, அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. அது நீ எடுத்த முடிவாக இருக்காது, என் வலது காது எடுத்த முடிவாகத்தான் இருக்கும். நீ கேட்ட கேள்வியை உன் வாயால் நான் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை, அத்தை வாயால்தான் கேட்டேன். பதிலையாவது என் கையால் எழுதுகிறேன். வாம்மா. நாளைக்கே வந்தாலும் வா, ஆறு மாதம் கழித்து வந்தாலும் வா, பெட்டியோடு வா, வெறுங்கையோடு வா, சொல்லிவிட்டு வா, சொல்லாமல் வா.

எங்கே இருந்தாலும் நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, மனசு லேசாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அப்பாவின் ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதமும் சேர்த்துத்தான். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. மணி நிறைய அடித்தாலும் வைத்துவிடாதே, போனை இடது காதுக்கு மாற்றிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எடுத்ததும் அதே கேள்வியை இன்னொரு தடவை கேள்.

முதல் தடவையே சரி என்று சொல்லியிருக்க வேண்டிய,
உன் அப்பா